அய்யாவை நான் திருத்திய நாடகம்

நான் எழுதிய கதைகளில் திருந்தாத உயிர் என்று ஒன்றுகூடக் கிடையாது. திருட்டுக் காக்கை திருந்தியிருக்கிறது. பொய் சொன்ன வெள்ளாடு திருந்தியிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்ன புத்திமதியைக் கேட்டு ஒரு கொசு, இனி ரத்தம் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் பூவில் தேன் குடிக்கப் போயிருக்கிறது. (ஆண் கொசு எப்போதும் அதைத்தான் செய்யுமாம். ஒரு சயின்ஸ் வாத்தியார் பிறகு சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் பெண் கொசுவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுத் திருத்தியிருப்பேன்.)

சிறுவர்களை நல்வழிப்படுத்தும் கதைகளும் நாடகங்களும் எழுதவே நான் பிறந்திருக்கிறேன் என்று இருபத்து மூன்று வயதில் எனக்கு ஒரு எண்ணம். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினில் பேப்பர் சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் எனக்குக் கற்பனை ஊறும். எழுதியதைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். தபாலில் அனுப்பினாலாவது திரும்பி வந்தது என்று மனசு ஆறும். மெயிலில் அனுப்பியது எங்கே திரும்பி வரப்போகிறது?

ஆகவே, ஊர்ப் பிள்ளைகள்தான் என் வாசகர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் அவர்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவேன். ஐந்தாம் வகுப்பு முத்துச்செல்விதான் வாய் திறந்து பேசுகிற பிள்ளை. ஒருநாள் வெள்ளாட்டுக் கதையின் நடுவில் கையைத் தூக்கினாள்.

“சார், இந்த ஆடு எப்ப சார் திருந்தும்?”

ஆகா, கதையில் ஆழ்ந்துவிட்டாள் என்று எனக்குப் புல்லரித்தது. “ஏம்மா கேக்குற?”

“திருந்துனாத்தான சார் வீட்டுக்கு விடுவீக?”

அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இனி எங்கள் அய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். (எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.) பெயர் கருப்பையா. முன்பு காட்டு வேலைக்கு, அதாவது மானாவாரி நிலங்களில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மழை பொய்த்துப் பொய்த்து, காடெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிய பிறகு கரிமூட்டம் போடுகிறார். கருவேல விறகை வெட்டி அடுக்கி, மேலே இலைதழை போட்டு, ஈரமண்ணால் மெழுகித் தீ வைத்தால் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்று கரியாகும். அதுதான் மூட்டம். பக்கத்தில் இருந்து காவல் காக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். அய்யாவுக்குக் காடு கிடையாது, கரை கிடையாது. பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது இது ஒன்றுதான். “நான் கைநாட்டு. எம் பையனப் பி.ஏ. ஆக்கிப்புட்டேன்.” டீக்கடையில் சொல்வார், ரேஷன் கடை வரிசையில் சொல்வார். திருச்சுழி பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர், “இந்த பஸ்ஸு பாலத்துக்கிட்ட நிக்குமா?” என்று கேட்டால், “நிக்கும். எம் பையன் பி.ஏ.” என்பார்.

அந்த மனிதரைத்தான் நான் திருத்தினேன்.

பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரச் சொல்லி, தலைமையாசிரியை டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். “தம்பி, மூட்டத்து வேலைக்குன்னு பிள்ளைகள நிப்பாட்டிருதாக. படிப்போட அருமையச் சொல்லி அரைமணி நேரத்துக்கு ஒண்ணு எழுதுங்க. திருச்சுழியில இருந்து ஒரு அதிகாரி வாராக. அவுகளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் போடச் சொல்லுவாக.”

எல்லாப் பள்ளிக்கூடத்திலும்! நான் தரையில் இல்லை. பாலவனத்தம், காரியாபட்டி என்று என் நாடகம் பஸ் ஏறிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

கதைக்கு அலையவே வேண்டாம். என்னிடமே ஒரு நிஜக் கதை இருந்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது பதினாறாம் வாய்ப்பாடு வராமல் வாத்தியாருக்குப் பயந்து ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். நேரே கருவேலங்காட்டுக்குப் போய், பழைய மூட்டத்துக் குழியில் படுத்துக்கொள்வேன். ஆறாவது நாள் அய்யா பார்த்துவிட்டார். நான் ஓடினேன். எரிந்துகொண்டிருந்த மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அய்யா துரத்தினார். மூன்றாவது சுற்றில், குறுக்கே போனால் பிடித்துவிடலாம் என்று மூட்டத்தின் மேலேயே காலை வைத்துவிட்டார். மேல்மண் உடைந்து வலது கால் உள்ளே இறங்கிவிட்டது.

அந்தக் காலோடு என்னைப் பிடித்துச் சைக்கிளில் தூக்கி வைத்து, ஒற்றைக்காலால் மிதித்து, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றிலிருந்து வலது காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பார். ஊருக்கே தெரிந்த கதை.

முதல் பிரதியில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். வாசித்துப் பார்த்தால் கதாநாயகன் ஒரு ஓடுகாலிப் பயல். இதைப் பார்த்து எந்தப் பிள்ளை முன்னேறும்? (இது டீச்சரிடம் சொல்வதற்கான காரணம். உண்மையான காரணம், ‘சார், ஓடுனது நீங்களா சார்?’ என்று முத்துச்செல்வி கேட்பாளே என்ற பயம்.) என் இலக்கணப்படி கதையில் யாராவது ஒருவர் திருந்தியாக வேண்டும். நான் திருந்துவதா, அய்யா திருந்துவதா? யோசித்தேன். பேனா என் கையில் இருந்தது. அய்யா திருந்தினார்.

கதை இப்படி மாறியது. மகன் படிப்பு, படிப்பு என்று உயிரை விடுகிறான். தகப்பன் மாரிச்சாமி, கல்வியின் பகைவன். கரிமூட்டத்துக்குக் காவல் இருக்க வரச் சொல்லி மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து தரதரவென்று இழுத்துவருகிறான். பாடப்புத்தகத்தைக் கிழித்து வீசி, “பொஸ்தகத்த எரிச்சா ஒரு கூடை கரி தேறுமாலே?” என்று கேட்டு இடிஇடியெனச் சிரிக்கிறான். இந்த வசனத்தை எழுதி முடித்ததும் நானே எழுந்து நின்று இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடைசிக் காட்சியில், மருந்து என்று நினைத்து மாரிச்சாமி பூச்சிமருந்துப் பாட்டிலைத் திறக்க, மகன் லேபிளை வாசித்துக் காப்பாற்ற, மாரிச்சாமி திருந்தி, “மகனே! என் அறியாமை இருளை அகற்றிய அகல்விளக்கே!” என்று அழுகிறான்.

மாரிச்சாமி வேஷம் முத்துச்செல்விக்கு. பையன்கள் எவனுக்கும் அந்தக் குரல் இல்லை. ஒத்திகையில் அவளுக்கு ஒரு சந்தேகம்.

“சார், மூட்டம் போடுதவுக இப்பிடியா சார் பேசுவாக? அகல்விளக்கேன்னு?”

“திருந்துனா அப்படித்தாம்மா பேசுவாங்க.”

“எங்க அய்யா குடிய விட்டுட்டாக சார். இப்பவும் அதே பேச்சுத்தேன் பேசுதாக.”

“நீ வசனத்தச் சொல்லும்மா.”

வில்லன் என்றால் நடையிலேயே தெரிய வேண்டாமா? “வலது காலைக் கொஞ்சம் சாச்சு நட” என்றேன். உடனே நடந்தாள். அச்சு அசல்.

“ஒங்க அய்யா மாதிரிதான சார்?”

“அப்படின்னு இல்ல… பொதுவா.”

“பொதுவான்னா ஒங்க அய்யா மாதிரிதான?”

நான் அடுத்த காட்சிக்குப் போனேன். அந்தக் கால் எதற்காக அப்படி ஆனது என்பதை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. நாடகத்துக்கு நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

வீட்டில் அய்யா கேட்டார். “என்ன நாடகம்டா போடுத?”

“படிப்பப் பத்தி அய்யா.”

“யாரு கதை?”

சாப்பாட்டு நேரம். வாயில் ஒரு கவளம். “நம்ம கதைதான்” என்று சொல்லித் தொலைத்தேன்.

அய்யா சாப்பிட்ட கை காயக் காய உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஊர் முழுக்கச் செய்தி: “எம் பையன் எங் கதைய நாடகமாப் போடுதான்.” பாலவனத்தத்து அத்தைக்குப் போன் போனது. கூட மூட்டம் போடுகிற சோணை மாமாவுக்கும் மற்றவர்களுக்கும், அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு பூப்போட்ட துண்டு வாங்கிவந்தார். எங்கள் பக்கம் விழாவில் ஒருவரை மெச்ச வேண்டும் என்றால் மேடையேறித் துண்டு போர்த்துவார்கள். நாடகம் எழுதியவனுக்குப் போர்த்தத்தான் அந்தத் துண்டு.

சொல்லியிருக்கலாம். தினமும் சொல்லத்தான் வாயெடுத்தேன். கடைசியில்தான் திருந்திவிடுகிறாரே, போகட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விழா சாயங்காலம் ஐந்து மணிக்கு. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மேடை. முதல் வரிசையில் நாற்காலிகள். அதிகாரி, டீச்சர், அவர்களுக்கு அடுத்து மடிப்புக் கலையாத வேட்டியில் எங்கள் அய்யா. மடியில் துண்டு, இன்னும் கவரைவிட்டு எடுக்காமல். பக்கத்தில் அம்மா, தங்கச்சி, பாலவனத்தத்து அத்தை. நான் சேலைத் திரைக்குப் பின்னால், வசனம் எடுத்துக் கொடுக்க.

கரியால் மீசை வரைந்து, காலைச் சாய்த்து முத்துச்செல்வி மேடைக்கு வந்ததும் கூட்டம் விசிலடித்தது.

“ஏலே கருப்பையா! ஒன்னய மாதிரியே இருக்குடா!” என்று சோணை மாமா கத்தினார்.

அய்யாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அத்தையின் தோளைத் தட்டி, “நாந்தேன், அது நாந்தேன்” என்றார்.

அடுத்த காட்சியில் முத்துச்செல்வி மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவந்தாள். மகனாக நடித்த பையன் நிஜமாகவே அழுதான். (அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தாள்.) புத்தகத்தைக் கிழித்தாள். கூட்டத்தில் சத்தம் நின்றது. திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அய்யாவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. இனிமேல்தான் ஏதோ வரப்போகிறது, நல்லது வரப்போகிறது என்று பாதிச் சிரிப்போடு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொஸ்தகத்த எரிச்சா ஒரு கூடை கரி தேறுமாலே?” என்று முத்துச்செல்வி முழங்கினாள்.

பாதிச் சிரிப்பும் போய்விட்டது. அய்யா குனிந்து துண்டுக் கவரைப் பார்த்தார்.

“ஏய், நிப்பாட்டு!” சோணை மாமா எழுந்துவிட்டார். “யாரு பொஸ்தகத்தக் கிழிச்சா? கருப்பையாவா கிழிச்சான்? ஏலே முருகேசா, எங்கடா ஒளிஞ்சிருக்க? வெளிய வாடா!”

நான் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

“பள்ளிக்கூடம் போமாட்டேன்னு ஓடுனது நீதானடா!” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“பதினாறாம் வாய்ப்பாடு!” என்றார் இன்னொருவர். (இதை எப்படி ஞாபகம் வைத்திருந்தார்களோ!)

“அந்தக் கால் எப்பிடி நொண்டுச்சுன்னு சொல்லுடா மொதல்ல!” இது அத்தை. பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்த அத்தை.

மேடையில் பிள்ளைகள் திகைத்து நின்றன. மகன் வேஷக்காரப் பையன் என் பக்கம் திரும்பி, “சார், இப்ப என்ன சார் செய்ய?” என்றான். எனக்கு முன்னால் கூட்டமே வசனம் எடுத்துக் கொடுத்தது: “நீ ஓடுடா! ஓடுனவன் நீதேன்!”

அவன் ஓடினான். மேடையிலிருந்து குதித்து வேப்பமரத்தைச் சுற்றி ஓடினான். முத்துச்செல்வி பிறவிக் கலைஞி. ஒரு நொடி யோசித்தாள். காலைச் சாய்த்துச் சாய்த்தே அவனைத் துரத்தினாள். “பிடி! பிடி! குறுக்க போகாத, கால் வெந்துரும்!” என்று ஊரே எழுந்து நின்று கூவியது. மூன்றாவது சுற்றில் பிடித்து, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “நட பள்ளிக்கூடத்துக்கு!” என்று மேடையேறினாள். என் வாழ்க்கையில் என் நாடகத்துக்கு அப்படி ஒரு கைதட்டல் விழுந்தது அன்றைக்குத்தான். அந்தக் காட்சியில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

அதிகாரி குழம்பிப்போய் டீச்சரிடம், “இது நாடகத்துல இருக்கா?” என்றார். டீச்சர் நான் கொடுத்திருந்த ஜெராக்ஸ் காப்பியைப் புரட்டிவிட்டு, “இல்லீங்க சார்” என்றார்.

அதிகாரி மைக்கை வாங்கி என்னை மேடைக்கு அழைத்தார். திரையை விட்டுவிட்டு வந்து நின்றேன்.

“தம்பி, இது உங்க சொந்தக் கதைன்னாங்க. ஊர்க்காரங்க பொய்யின்னு சொல்றாங்க. எது நிஜம்?”

மூன்று வருஷம் தமிழ் படித்தவன். ஒரு சொல் வரவில்லை. ‘ஓடினது நான்’ என்பதில் என்ன பெரிய தமிழ் இருக்கிறது? முன்னால் முழு ஊர். பக்கத்தில், எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் என் நாடகத்தை அனுப்பப்போகிற மனிதர். நான் அதிகாரியின் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அய்யா எழுந்தார். காலைச் சாய்த்து நடந்து மேடையேறினார். மைக்கை அதுவரை கையில் பிடித்ததில்லை. இரண்டுமுறை ஊதிப் பார்த்தார்.

“பெரியவுகளுக்கு வணக்கம். எம் பையன் எழுதுனது நெசந்தேன். நாந்தேன் படிக்க வேணாம்னேன். பொஸ்தகத்தையும் கிழிச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “பெறகு திருந்திட்டேன்.”

“ஏலே கருப்பையா, பொய் சொல்லாதடா!” என்றார் சோணை மாமா.

“நீ ஒக்காருலே!” என்றார் அய்யா, மைக்கிலேயே.

அதிகாரி நெகிழ்ந்துபோய்க் கை தட்டினார். அந்த இடத்தில் அதை நம்பிய ஒரே மனிதர் அவர்தான். “தந்தையையே திருத்திய தனயன்!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே கூசுகிறது. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அய்யா கவரைப் பிரித்துத் துண்டை எடுத்தார். எனக்குத்தான் என்று கழுத்தைத் தாழ்த்தினேன். அய்யா என்னைத் தாண்டிப் போய் முத்துச்செல்விக்குப் போர்த்தினார்.

“எங் கால் நடைய நானே பாத்ததில்ல புள்ள. நல்லாத்தேன் நடந்து காட்டுன.”

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மா மட்டும் சோற்றைப் போட்டுவிட்டு, “கொழம்பு ஊத்தட்டுமா, இல்ல அதுலயும் எதும் திருத்தம் இருக்கா?” என்றாள்.

மறுநாள் காலை அய்யாவும் நானும் ஒரே பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போனோம். அய்யா பக்கத்தில் உட்கார்ந்தவர், “பாலத்துக்கிட்ட நிக்குமாண்ணே?” என்று கேட்டார். அய்யா, “நிக்கும்” என்றார். அதோடு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டே நின்றேன். பாலம் வந்தது, கேட்டவர் இறங்கிப் போனார், காந்தி நகர் வந்தது, பஸ் ஸ்டாண்டும் வந்தது. அது வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, நடந்ததை நடந்தபடி திருத்தி எழுதிக்கொண்டு அந்த அதிகாரியைப் பார்க்கப் போனேன். ஓடியது மகன் என்று சொன்னேன். வாசித்தார். “கதாநாயகனே ஸ்கூலைக் கட் அடிச்சா பிள்ளைங்க கெட்டுப்போயிடாதா தம்பி? முந்தி இருந்ததுதான் நல்லாருக்கு” என்றார். முந்தி இருந்ததைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் நாடகம் எந்த ஊருக்கும் பஸ் ஏறவில்லை. இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் சரியாகச் செய்தேன். வீட்டில் வந்து அய்யாவிடம் சொன்னபோது, “அப்படியா” என்றார்.

அடுத்த மாதம் திரும்பவும் அதே பஸ். யாரோ ஒருவர் ஏதோ கேட்க, அய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்தா நிக்கானே, எம் பையன். பி.ஏ. நாந்தேன் படிக்க வேணாம்னு பொஸ்தகத்தக் கிழிச்சேன். அவன் கேக்கல, படிச்சுப்புட்டான்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை. கேட்டவரும் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் பாதிப்பேர் பார்த்தார்கள்.

“இல்லீங்கண்ணே,” என்றேன். “ஓடுனது நான்தான். அவுகதான் வெரட்டிப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டாக. கால் அதுல வெந்ததுதான்.”

“இன்னும் சத்தமாச் சொல்லு. வண்டிச் சத்தத்துல அவுகளுக்குக் கேக்கல” என்றார் அய்யா.

இப்போது எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். கல்யாண வீடு, காதுகுத்து, ஆஸ்பத்திரி வரிசை எங்கே போனாலும் அய்யா நாடகக் கதையைச் சொல்வார். நான் எழுந்து நிஜக் கதையைச் சொல்ல வேண்டும். நான் வீட்டில் புத்தகத்தைத் திறந்தால், “ஒரு கூடை கரி தேறுமாலே?” என்று தங்கச்சி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

போன தை மாதம் எனக்குப் பெண் பார்க்கக் காரியாபட்டிக்குப் போனோம். பஜ்ஜி வந்தது, காபி வந்தது. பெண்ணின் தகப்பனார், “மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காக?” என்றார். அய்யா டம்ளரைக் கீழே வைத்தார். வேண்டாம் அய்யா, இங்கே மட்டும் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

“பி.ஏ. படிச்சிருக்கான். நாந்தேன் படிக்க வேணாம்னு…”

எழுந்து நின்றேன். காரியாபட்டிச் சம்பந்திகள் பத்துப் பேருக்கு முன்னால், வாய்ப்பாட்டுக்குப் பயந்து குழிக்குள் படுத்துக் கிடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். உள் அறையில் வளையல் சத்தம் கேட்டது. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

“பதினாறேழு எம்புட்டுன்னு கேளுங்கப்பா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அய்யாவைப் பார்த்தேன். அய்யா வலது காலைச் சுகமாக நீட்டிக்கொண்டு, காபியை ஆற்றியபடி சொன்னார்:

“கதவச் சாத்திக்கோங்க சம்பந்தி. ஓடிருவான்.”